வெளியூர் விருந்தாளிக்கு நம்ம ஊர்ச் சாப்பாடு: முகம் சுளிக்காமல் சாப்பிட வைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டு ஓரத்தில் வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டில் கருவாடு சுடும் வாசனை வந்தால் பசி எடுக்கும். வெளியூரிலிருந்து வந்த ஒரு தோழிக்கு அதே வாசனையில் தலைவலி வந்தது. அன்று அவள் சாப்பிடாமல் எழுந்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் தவறு அவள் மேல் இல்லை. என்ன சமைக்கிறேன் என்று முன்கூட்டிச் சொல்லவில்லை, சன்னல்களைத் திறந்து வைக்கவில்லை. முதல் தடவையாக எங்கள் ஊருக்கு வந்தவளுக்கு, இருப்பதிலேயே வாசனை அதிகமான சுறாக் கருவாட்டைப் போய்ப் பொரித்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ வெளியூர்க்காரர்கள் எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார்கள். எந்த வரிசையில், எந்தப் பக்கத்துணையோடு, எந்த நேரத்தில் வைக்கிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது என்று அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டேன். இதில் சொல்வதெல்லாம் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துச் சாப்பாடு. உங்கள் ஊர்ச் சாப்பாடு வேறாக இருந்தாலும் முறை உதவும்.

முதலில்: எது அவர்களுக்கு விநோதமாகப் படுகிறது?

எல்லா விநோதமும் ஒரே மாதிரி இல்லை. சில சாப்பாட்டின் நிறம் உறுத்தும், சிலவற்றின் பதம் பிடிபடாது, சிலவற்றின் வாசனை தள்ளும். இன்னும் சில இருக்கின்றன: நிறமும் வாசனையும் நன்றாகவே இருக்கும், ஆனால் அது என்னவென்று தெரிந்ததும் மனம் ஒப்பாது. ரத்தப் பொரியலும் ஈசலும் அப்படி.

இந்த வரிசையிலேயே பரிமாறுங்கள். நிறத்தைத் தாண்டுவது சுலபம், ஒரு வாய் வைத்தாலே மறந்துவிடும். பதத்துக்குச் சாப்பிடும் முறையைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். வாசனைக்கு இரண்டு மூன்று சாப்பாடு பழகவேண்டும். மனத்தடையை நாம் தாண்ட வைக்க முடியாது, அவர்களாகத் தாண்டினால்தான் உண்டு.

அப்புறம், சமைக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை. சைவமா, மீன் மட்டும் உண்டா, எள்ளோ கடலையோ மீனோ ஒத்துக்கொள்ளாத உடம்பா, விரத நாளா? எள் ஒவ்வாமை உள்ளவருக்கு எங்கள் பக்கச் சமையலில் பாதி ஆகாது, ஏனென்றால் நல்லெண்ணெயே எள்ளிலிருந்து வருவதுதான். கூச்சப்படாமல் கேளுங்கள்.

இன்னொன்று, காரம். வெளியூர்க்காரர் தட்டைத் தள்ளிவைத்தால் வாசனைதான் காரணம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பல நேரம் உண்மைக் காரணம் மிளகாய். வாசனையை மறைக்க மசாலாவைக் கூட்டாதீர்கள். மிளகாயைப் பாதியாகக் குறையுங்கள், மற்றதை அப்படியே விடுங்கள்.

முதல் வேளை: உளுந்தஞ்சோறு

எங்கள் ஊரில் வெள்ளை உளுந்து இட்லிக்கு மட்டும்தான். சோற்றுக்குத் தொலி உளுந்து, அதாவது கறுப்புத் தோலோடு உடைத்தது. வெந்ததும் சோறு சாம்பல் நிறத்தில், கறுப்புத் தோல் திட்டுத்திட்டாகத் தெரிய வரும். புதிதாகப் பார்க்கிறவர்கள் அடிப்பிடித்துவிட்டதோ என்று நினைப்பார்கள். ஆனால் வாசனையில் யாருக்கும் தடையில்லை. வறுத்த உளுந்தும் பூண்டும் தேங்காயும் சேர்ந்த வாசனை எந்த ஊர்க்காரருக்கும் பிடிக்கும். அதனால்தான் இதை முதலில் வைக்கச் சொல்கிறேன்.

நான்கு பேருக்கு ஒன்றரை டம்ளர் புழுங்கல் அரிசி, முக்கால் டம்ளர் தொலி உளுந்து. உளுந்தை வெறும் சட்டியில் மிதமான தீயில் வாசனை வரும்வரை வறுங்கள். கருகினால் சோறு கசக்கும். அரிசியையும் உளுந்தையும் ஒன்றாகக் கழுவுங்கள், ஆனால் தோல் போகும்வரை தேய்க்க வேண்டாம். இருபது பல் பூண்டு, முக்கால் டீஸ்பூன் வெந்தயம், ஒரு டீஸ்பூன் சீரகம், அரை மூடித் தேங்காய்த் துருவல், உப்பு, ஏழு டம்ளர் தண்ணீர். குக்கரில் நான்கு விசில் வந்ததும் தீயைக் குறைத்து ஐந்து நிமிடம் வையுங்கள். திறந்ததும் இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டுக் கிளறுங்கள். பொலபொலவென்று இருக்கக்கூடாது, சற்றுக் குழைவாக இருக்கவேண்டும்.

இதற்கு எள்ளுத் துவையல் கட்டாயம் வேண்டும். துவையல் இல்லாத உளுந்தஞ்சோறு வெளியூர்க்காரருக்கு மட்டுமல்ல, எனக்கே பாதிதான் இறங்கும். நான்கு டேபிள்ஸ்பூன் எள்ளை வெடிக்கும்வரை வறுத்து, நான்கு மிளகாய் வற்றல், சிறு நெல்லி அளவு புளி, மூன்று பல் பூண்டு, கைப்பிடித் தேங்காய், உப்பு சேர்த்து, தண்ணீர் அதிகம் விடாமல் கெட்டியாக அரைக்கவேண்டும். கூடவே அவியல் இருந்தால் நல்லது. துவையலைச் சோற்றில் பிசைவதா தொட்டுக்கொள்வதா என்று கேட்பார்கள். முதல் நான்கு வாய்க்குத் தொட்டுக்கொள்ளட்டும், பிறகு அவர்களே பிசைந்துகொள்வார்கள்.

பதம்: களி, பனங்கிழங்கு

உளுந்தங்களியை எங்கள் பக்கம் பெரிய மனுஷி ஆன பெண்ணுக்குக் கிண்டிக் கொடுப்பார்கள். கரும்பழுப்பு நிறத்தில், எண்ணெய் மினுமினுக்க, உருண்டையாக வந்து நிற்கும். இதில் விருந்தாளி தடுமாறும் இடம் ஒன்றே ஒன்று. லட்டைக் கடிப்பது போலக் கடித்து மெல்லுவார். மென்றால் பல்லிலும் மேலண்ணத்திலும் ஒட்டிக்கொள்ளும். வட இந்தியாவிலிருந்து வந்த ஒரு நண்பர் அப்படித் தவித்தபோது எங்கள் ஆச்சிதான் கைசாடை காட்டிச் சொன்னாள்: "கடிக்காதிய ஐயா, நாக்குல வச்சு அப்படியே முழுங்குங்க." அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் புரிந்தது. அடுத்த வாயிலிருந்து சிக்கல் இல்லை. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கேழ்வரகுக் களிக்கும், கர்நாடகத்து ராகி முத்தைக்கும் இதே முறைதான்: சின்னதாகக் கிள்ளி, குழம்பில் புரட்டி, மெல்லாமல் விழுங்கவேண்டும்.

கிண்டும் முறை இது. ஒரு கப் கறுப்பு உளுந்து, கால் கப் பச்சரிசி இரண்டையும் தனித்தனியாக வறுத்து நைசாகத் திரித்துச் சலித்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு கப் மாவு போதும். ஒரு கப் தட்டிய கருப்பட்டியை ஒரு கப் தண்ணீரில் கரைத்து, கொதிவந்ததும் வடிகட்டுங்கள். கருப்பட்டியில் மண்ணும் துரும்பும் இருக்கும், வடிகட்டாமல் போட்டால் நறநறக்கும். மாவை இரண்டு கப் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அடிகனமான சட்டியில் சிறு தீயில் வைத்துக் கை எடுக்காமல் கிண்டுங்கள். மாவு வெந்து கெட்டியாகத் தொடங்கியதும்தான் கருப்பட்டிப் பாகு. முதலிலேயே ஊற்றினால் மாவு வேகாமல் பச்சை வாடை நிற்கும். பிறகு கால் கப் நல்லெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிண்டவேண்டும். பதினைந்து இருபது நிமிடம் ஆகும், தோள் வலிக்கும். ஈரக்கையால் தொட்டுப் பார்த்து ஒட்டவில்லை என்றால் பதம் சரி.

ஊரில் உருண்டையின் நடுவில் குழி பறித்து அதில் நல்லெண்ணெய் ஊற்றித் தருவார்கள். முதல் தடவை வருகிறவருக்கு அதைச் செய்யவேண்டாம். எலுமிச்சை அளவில் ஒன்று, சூடாக, அவ்வளவுதான். ஆறினால் இறுகிவிடும், பிறகு அவர்களுக்கு அது பிடிக்காமல் போனால் அது களியின் குற்றமில்லை.

பனங்கிழங்கு வேறு மாதிரிப் பதம். ஆவணி, புரட்டாசியில் உதிரும் பனம்பழத்தின் கொட்டைகளை மண்ணில் புதைத்து வைத்தால் பொங்கலுக்குக் கிழங்கு தயாராகிவிடும். தோல் உரித்து, உப்பும் மஞ்சளும் போட்டு வேக வைத்து, சாப்பிடும்போது இரண்டாகப் பிளந்து நடுவில் இருக்கும் குச்சி போன்ற தண்டை எடுத்துவிடவேண்டும். வெளியூர்க்காரர்கள் தவறு செய்வது நாரில். கிழங்கைத் துண்டாக ஒடித்து, ஒடித்த இடத்தில் தொங்கும் நாரைக் கீழ்நோக்கி உரித்துப் போட்டால் மீதி மாவாக இருக்கும். நாரோடு மென்றால் பல்லிடுக்கில் சிக்கிக்கொண்டு வெறுத்துவிடும். நாரெடுக்கப் பொறுமை இல்லாதவருக்கு, வெந்த கிழங்கைப் பொடியாக நறுக்கி, பச்சை மிளகாய், பூண்டு, தேங்காய், உப்பு வைத்து உரலில் இடித்து உருண்டையாகக் கொடுங்கள்.

பதநீர் பற்றிக் கேட்பார்கள். கள் என்று பயப்படுவார்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் சாறு புளிக்காது, அதுதான் பதநீர். சுண்ணாம்பு தடவாவிட்டால் அதே சாறு புளித்துக் கள்ளாகிவிடும். இதைச் சொல்லிவிட்டு, ஓலைப் பட்டையில் நுங்கு போட்டுக் கொடுங்கள்.

வாசனை: பழைய சோறு

சோற்றைத் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க வெளியில் வைத்துக் காலையில் சாப்பிடுவது என்றாலே சிலருக்குக் கெட்டுப்போன சோறு என்றுதான் தோன்றும். இந்த எண்ணத்தைப் போக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, அவர்கள் ஊரிலேயே இதற்கு ஓர் உறவு இருப்பதை நினைவுபடுத்துவது. கேரளத்தில் பழங்கஞ்சி, ஒடிசாவில் பக்காளா, வங்காளத்தில் பாந்தா பாத், அசாமில் பொய்தா பாத், எல்லாம் தண்ணீரில் ஊறிய சோறுதான். ஒடிசாக்காரர்கள் மார்ச் 20-ஆம் தேதியைப் பக்காளா நாள் என்றே கொண்டாடுகிறார்கள். 2021-இல் ஆஸ்திரேலிய மாஸ்டர்செஃப் போட்டியின் இறுதிச் சுற்றில் கிஷ்வர் சௌத்ரி என்ற வங்கதேச வம்சாவளிப் பெண் நடுவர்கள் முன் வைத்தது இந்தச் சோற்றைத்தான். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு தோழி எங்கள் வீட்டுச் சட்டியைத் திறந்து பார்த்ததும் தன் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினாள். அவளுக்கு நான் எதையும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

நல்ல பழைய சோறு எப்படி வரும் என்று பார்ப்போம். புழுங்கல் அரிசி, முடிந்தால் சிவப்பரிசி. குழையாமல் வடித்துக்கொள்ளுங்கள். வடித்த சோற்றைத் தட்டில் பரப்பி ஒரு மணி நேரத்துக்குள் நன்றாக ஆறவிட்டு மண்சட்டியில் போடுங்கள். சூடும் வெதுவெதுப்புமாகப் பாதி நாள் கிடந்த சோற்றில் தண்ணீர் ஊற்றக்கூடாது, அதில் வேண்டாத கிருமி வளர்ந்திருக்கும். காய்ச்சி ஆறிய தண்ணீர் சோற்றுக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கும்படி ஊற்றி, தட்டால் மூடுங்கள். உப்பு இப்போது போடவேண்டாம். சித்திரை வெயிலில் எட்டு மணி நேரம் போதும், மார்கழியில் பன்னிரண்டு வரை ஆகும். பாலைத் தயிராக்கும் வகையைச் சேர்ந்த நுண்ணுயிர்கள்தான் இங்கேயும் வேலை செய்து இளம்புளிப்பைக் கொடுக்கின்றன. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அந்த வேலை நடக்காது, வெறும் தண்ணீர்ச் சோறுதான் கிடைக்கும்.

காலையில் திறந்ததும் மோர் போல இளம்புளிப்பு வாசனை வரவேண்டும். நூல் போல இழுத்தாலோ, நிறம் மாறியிருந்தாலோ, வயிற்றைப் புரட்டும் வாடை வந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். விருந்தாளி தட்டில் சந்தேகத்துக்கு இடமே இருக்கக்கூடாது.

முதல் தடவை சாப்பிடுகிறவருக்குத் தண்ணீரில் பாதியை வடித்துவிட்டு, கெட்டி மோர் ஊற்றிக் கையால் பிசைந்து கொடுங்கள். தயிர்ச்சோறு என்று நாக்கு ஏற்றுக்கொள்ளும். கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம், மோர்மிளகாய், சுண்டவற்றல். வடித்த நீராகாரத்தில் உப்பும் தட்டிய சின்ன வெங்காயமும் போட்டுத் தனி டம்ளரில் பக்கத்தில் வையுங்கள். குடிக்கச் சொல்லவேண்டாம். பதினொரு மணி வெயிலில் அவர்களே எடுப்பார்கள். இதை மழைநாளில் வைத்தால் யாருக்கும் அருமை தெரியாது. பங்குனி, சித்திரைதான் இதற்குக் காலம்.

வாசனையிலேயே பெரியது: கருவாடு

கருவாடு எல்லாம் ஒரே வாசனை இல்லை. சுறாவுக்கும் திருக்கைக்கும் சதையிலேயே யூரியா இருக்கிறது. அது சிதையும்போது அமோனியா வரும், மூக்கில் ஏறும் அந்தக் காட்டம் அதுதான். பழகியவர்களுக்கு அதுவே ருசி. புதியவருக்கு நெத்திலியில் தொடங்குங்கள், சின்ன மீன், சீக்கிரம் காய்வது, வாசனை மட்டு. அடுத்த தடவை வஞ்சிரம். சுறா பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வாங்கும்போது முறித்துப் பாருங்கள். நெத்திலி சட்டென்று ஒடியவேண்டும், வளைந்தால் ஈரம் இருக்கிறது. மஞ்சள் பூத்ததும் மாவு போல உதிர்வதும் வேண்டாம்.

பொரிப்பதைவிடக் குழம்பு வைப்பது நல்லது. பொரிக்கும்போதும் சுடும்போதும்தான் வீடு முழுக்க வாசனை பரவும். குழம்பில் புளி அதைப் பிடித்துக்கொள்ளும். இன்னும் ஒரு வழி இருக்கிறது: முதல்நாள் இரவே வைத்துவிடுங்கள். சமையல் வாசனை விடிவதற்குள் போய்விடும், குழம்பும் மறுநாள்தான் ருசி கூடியிருக்கும்.

நூறு கிராம் நெத்திலிக் கருவாட்டின் தலையைக் கிள்ளி எறிந்து, சுடுதண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, மண் போகும்வரை மூன்று நான்கு தண்ணீரில் அலசுங்கள். மண்சட்டியில் நான்கு ஸ்பூன் நல்லெண்ணெய், கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை. உரித்த சின்ன வெங்காயம் பதினைந்து, பூண்டு பத்துப் பல், ஒரு தக்காளி வதக்கி, நான்காகப் பிளந்த கத்தரிக்காய் நான்கு போடுங்கள். குழம்பு மிளகாய்த்தூள் வழக்கமாக மூன்று ஸ்பூன் போடுகிற இடத்தில் ஒன்றரை. எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றிப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிட்டு, கத்தரிக்காய் முக்கால் பதம் வெந்ததும் கருவாடு. பிறகு எட்டு நிமிடம் போதும், கரண்டி போட்டுக் கிண்டாதீர்கள், உடையும். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துத்தான் போடவேண்டும், கருவாட்டிலேயே உப்பு இருக்கிறது. பெரும்பாலும் அரை ஸ்பூன்கூடத் தேவைப்படாது.

முதலில் கத்தரிக்காயையும் குழம்பையும் மட்டும் ஊற்றுங்கள். கருவாட்டின் ருசி முழுக்கக் கத்தரிக்காயில் ஏறியிருக்கும், முள்ளும் தலையும் கண்ணில் படாது. பிடித்திருந்தால் அவர்களே "மீன் எங்கே?" என்று கேட்பார்கள்.

மனத்தடை உள்ளவை

ரத்தப் பொரியல், குடல், தலைக்கறி, மழைக்குப் பிறகு பிடித்துச் சிறகு போக்கி அரிசியோடு வறுத்த ஈசல். இவற்றுக்கு நான் செய்முறை சொல்லப்போவதில்லை, ஏனென்றால் இங்கே சமையல் முக்கியமில்லை. சொல்லிவிட்டுப் பரிமாறவேண்டும் என்பதுதான் முக்கியம். "முதலில் சாப்பிடு, அப்புறம் சொல்கிறேன்" என்று ஒருநாளும் செய்யாதீர்கள். ரத்தம் சாப்பிடாத மதத்தவர் இருக்கிறார்கள், சில கறியை ஏற்காத குடும்பங்கள் இருக்கின்றன. ஏமாற்றி ஊட்டியது தெரிந்தால் அதற்குப் பிறகு உங்கள் வீட்டுத் தண்ணீரையே நம்பமாட்டார்கள். நமக்கு எடுத்துக்கொண்டு நாம் சாப்பிடுவோம். கேட்டால் கொஞ்சம் கொடுப்போம். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடவேண்டும், இரண்டாம் முறை கேட்கக்கூடாது.

சாப்பாட்டு நேரத்தில்

முகத்தையே பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். முதல் வாய் வைக்கும்போது எல்லாரும் பார்த்தால் யாருக்கும் இறங்காது. நீங்களும் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள், கை எப்படிப் போகிறது என்று பார்த்தே பாதி கற்றுக்கொள்வார்கள். தெரிந்த சோறு, ரசம், அப்பளம் எப்போதும் பந்தியில் இருக்கட்டும், புதியது பிடிக்கவில்லை என்றாலும் பசியோடு எழக்கூடாது.

"எங்க ஊர்ச் சாப்பாடு ஒரு மாதிரி இருக்கும், தப்பா நினைக்காதீங்க" என்று தொடங்காதீர்கள். நாமே தாழ்த்திச் சொன்ன பிறகு அவர்கள் எப்படி மதிப்பார்கள்? அதேபோல, உடம்புக்கு நல்லது, அந்தச் சத்து இந்தச் சத்து என்றும் அடுக்கவேண்டாம். மருந்தை ருசித்துச் சாப்பிடுகிறவர் யாரும் இல்லை. நம் வீட்டில் இதை எப்போது செய்வார்கள், யார் கையால் நன்றாக வரும் என்று சொல்லுங்கள். உளுந்தங்களியைப் பற்றி ஆச்சி ஒருமுறை தன் பதின்மூன்றாம் வயதுக் கதையைச் சொன்னாள், நான் மொழிபெயர்த்தேன். தட்டில் இருந்தது தீர்ந்ததை யாருமே கவனிக்கவில்லை.

கொடுத்தனுப்பும்போது

பிடித்துப்போய்க் கேட்டால், கருப்பட்டியைக் காகிதத்தில் சுற்றி டப்பாவில் போட்டுக் கொடுங்கள். ஈரக்காற்றுப் பட்டால் கசியும் என்று சொல்லிவிடுங்கள். நெத்திலியை வெயிலில் இன்னொரு நாள் காயவைத்து, இறுக மூடும் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து, பாட்டிலைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, அதற்கு மேல் செய்தித்தாள் சுற்றினால் பக்கத்து இருக்கைக்காரருக்குத் தெரியாது. களி மாவு வறுத்தது என்பதால் ஒரு மாதம் தாங்கும். எள்ளுத் துவையலை மட்டும் கொடுக்காதீர்கள். தேங்காய் சேர்ந்தது, ஊர் போய்ச் சேர்வதற்குள் கெட்டுவிடும். புளியும் தேங்காயும் இல்லாமல் எள்ளும் வற்றலும் பூண்டும் உப்பும் வைத்துப் பொடியாக இடித்துக் கொடுங்கள், சுடுசோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசையச் சொல்லி.